பாதித் தட்டு

பக்கவாதம் வந்த பதினோராம் நாள், லிஃப்ட் மெக்கானிக்கின் எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. இடது கை விழுந்துவிட்டதே தவிர, விழுங்குவதில் கோளாறில்லை. இருந்தும் வேளைக்கு வேளை பாதிச் சாப்பாடு அப்படியே திரும்பிப் போனது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்றார் டாக்டர். குழாயில் எதை, எவ்வளவு கொடுப்பது என்று எழுதித் தர டயட்டீஷியனை அனுப்பினார்கள்.

அவள் வார்டுக்குள் நுழைந்தபோது மெக்கானிக்கின் மனைவி பொரிந்து தள்ளிக்கொண்டிருந்தாள்.

"முப்பது வருஷம் என் சமையல்ல நொட்டை சொன்னாரு. இப்ப ஆஸ்பத்திரிச் சாப்பாடும் பிடிக்கல. வேணும்னே அழிச்சாட்டியம் பண்றாரு மேடம்."

"வச்சதைத்தானே தின்னுட்டிருக்கேன்," என்றார் அவர்.

"தின்ன லட்சணம்தான் தெரியுதே!"

டயட்டீஷியன் குறிப்பேட்டைப் புரட்டினாள். நாள்தோறும் 'பாதி சாப்பிட்டார்' என்றிருந்தது. எந்தப் பாதி என்று யாரும் எழுதவில்லை. மதியத் தட்டு வரும்வரை காத்திருந்து, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

தட்டின் வலப்பக்கம் மசித்த உருளைக்கிழங்கும் கேரட்டும். இடப்பக்கம் மீனும் முட்டையும். அவர் வலப்பக்கத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கரண்டியை வைத்தார்.

"போதுமா ஐயா?"

"எங்க போதும்? வயிறு கத்துது. இங்க அளந்துதான போடறாங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டயட்டீஷியன் தட்டை அரை வட்டம் திருப்பி வைத்தாள்.

"அட, மீன் இருக்கா! இதை எப்ப வச்சீங்க?" என்றவர், முள்ளை மட்டும் மிச்சம் வைத்தார்.

வராந்தாவில் அவள் மனைவியிடம் சொன்னாள்: "கண்ணுல பழுதில்லைம்மா. இடது பக்கம்னு ஒண்ணு இருக்கறதையே அவர் மூளை கவனிக்க மாட்டேங்குது. வேணும்னு பண்ணல."

"பதினோரு நாளா வாய்க்கு வந்தபடி திட்டிட்டேனே," என்றாள் மனைவி.

குழாய் வேண்டாம் என்று முடிவாயிற்று. பாதி முடிந்ததும் தட்டைத் திருப்பி வைக்கச் சொல்லி ஊழியர்களுக்கு டயட்டீஷியன் எழுதிக் கொடுத்தாள். தசை கரையாமலிருக்க மாலையில் பாலும் முட்டையும் சேர்த்தாள். இரண்டு வாரத்தில் இரண்டு கிலோ ஏறியது.

இடது கைக்கு அசைவு திரும்பவில்லை. கழுத்தைத் திருப்பி இடப்பக்கம் தேட மட்டும் மெல்லப் பழகிக்கொண்டார். வீட்டுக்குப் போன பிறகும், சவரம் செய்து முடித்துவிட்டதாக அவர் எழுந்தால், இடக் கன்னத்தில் நுரை அப்படியே இருக்கும். மனைவி திட்டாமல் ரேஸரை வாங்கி மீதியை வழித்துவிடுவாள்.