எல்லோரையும் கேட்ட டாக்டர்

சந்திரமௌலி பல் சுத்தம் செய்துகொள்ளத்தான் வந்திருந்தார். பல் டாக்டர் ஜலஜா மயிலாப்பூரில் கிளினிக் திறந்த நாளிலிருந்து அவரும் அவர் மனைவி மஹதியும் அவளிடம்தான் பல்லைக் காட்டுவார்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தபோது இரண்டு ஓரத்திலும் வெள்ளை வெள்ளையாக வரி ஓடியிருந்தது. பஞ்சால் அழுத்தித் துடைத்தாள். போகவில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு நாக்கில் இப்படி வரும் என்று அவள் படித்திருந்தாள். மனிதர் பாதியாக இளைத்திருப்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிண்டுடுங்கோ," என்றாள். எதற்கென்பதையும் மறைக்கவில்லை. எச்.ஐ.வி. என்ற பெயரையே அந்தத் தெருக்களில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத தொண்ணூற்றேழாம் வருஷம் அது.

அடுத்த வாரம் வந்தவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க சந்தேகப்பட்டது சரி."

"மஹதிகிட்ட சொல்லியாகணும்."

"என்னால முடியாது. நீங்களும் சொல்லப்படாது. சொன்னேள்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்." மிரட்டுவதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை.

"ஆணுறையாவது உபயோகிங்கோ."

"குழந்தை வேணும்னு ஏங்கிண்டிருக்கா. திடீர்னு இது எதுக்குன்னு கேப்பாளே. என்ன பதில் சொல்வேன்?"

சொல்வதில்லை என்று ஜலஜா வாக்குக் கொடுத்தாள். மஹதி பல் அடைக்க வரவேண்டியிருந்தது. அவளை மட்டும் பரிசோதனைக்குப் போகச் சொன்னால் புருஷனைக் காட்டிக்கொடுத்தது போலாகிவிடும். வருகிற எல்லோரையும் கேட்டால்?

மறுநாளிலிருந்து கேட்டாள். பல்லைப் பார்த்து முடித்ததும் ஒவ்வொருவரிடமும், "எச்.ஐ.வி. பரிசோதனை பண்ணிக்கறேளா? எங்கிட்ட வர எல்லாரையும் கேக்கறேன்," என்றாள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வாயைக்கூடக் கொப்பளிக்காமல் எழுந்து போனார். "அந்த வியாதிக்காராளும் இந்த நாற்காலியிலதான் உக்கார்றாளா?" என்று கேட்டுவிட்டு ஒரு அம்மாள் தன் மகளையும் இழுத்துக்கொண்டு போனாள். ஆட்டோ ஓட்டும் காதர் மட்டும், "எங்க போவணும் சொல்லுங்க," என்றார்.

கருவிகளைக் கழுவிக் கொதிக்க வைக்கும் தேவானையால் பொறுக்க முடியவில்லை.

"இன்னா டாக்டர் இது, பல்லு புடுங்க வர்றவங்களாண்ட போய் இதக் கேட்டுக்கினு. தெருவே பேசிக்கினு கீது."

"பேசட்டும் தேவானை."

மஹதி குறித்த நாளில் வரவில்லை. வீட்டுக்குப் போன் செய்தால் சந்திரமௌலியே எடுத்தார். குரலைக் கேட்டதும் வைத்துவிட்டார். ஒவ்வொரு நாள் விடியும்போதும், இன்னொரு ராத்திரி போய்விட்டதே என்று ஜலஜா எண்ணிக்கொண்டாள்.

கடைசியில் பல்வலிதான் மஹதியை இழுத்து வந்தது. கன்னம் வீங்கியிருந்தது. வலியைத் தணித்துவிட்டு, மற்றவர்களிடம் கேட்ட அதே வார்த்தைகளில் ஜலஜா கேட்டாள். குரல்தான் சொன்னபடி கேட்கவில்லை.

"உங்ககிட்ட வரவே கூடாதுன்னார். ஏன்னு கேட்டா கத்தறார்," என்றாள் மஹதி. "எல்லாரையும்தானே கேக்கறேள்?"

"எல்லாரையும்தான்."

மஹதி அவள் முகத்தையே பார்த்தாள். "சரி, பண்ணிக்கறேன்."

பரிசோதனை முடிவோடு மஹதி வந்தாள். அவளுக்கு நோய் இல்லை. ஆனால் ஜலஜாவால் அதோடு விட முடியவில்லை.

"சமீபத்துல தொத்தியிருந்தா இதுல தெரியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். அதுவரைக்கும் மட்டுமில்ல, எப்பவுமே ஆணுறை இல்லாம இருக்காதீங்கோ."

"இதையும் எல்லார்கிட்டயும் சொல்றேளா?"

ஜலஜாவால் தலையாட்டக்கூட முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது.

"நீங்க சொல்ல வேண்டாம். புரிஞ்சுது," என்றாள் மஹதி. "இனிமே அந்த ஆத்துல எப்படி இருப்பேன்? அதை மட்டும் சொல்லுங்கோ."

மஹதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அன்று மாலை சந்திரமௌலியின் போன் வந்தது.

"நேரா கேட்டுட்டா டாக்டர். ஆமான்னுட்டேன். தி.நகர்ல அவ அக்கா ஆத்துக்குப் போயிட்டா." மூச்சு வாங்கினார். "நான் என்ன பண்றது?"

"அப்படியே இருங்கோ. நான் வரேன். எதுவும் பண்ணிடாதீங்கோ."

காத்திருந்தவர்களைத் தேவானையிடம் விட்டுவிட்டு, கிடைத்த ஆட்டோவில் ஏறி மந்தைவெளியில் அவர் வீட்டுக்கு விரைந்தாள். வழியெல்லாம் உயிரோடு இருக்க மாட்டேன் என்று அவர் அன்று சொன்னதுதான் காதில் அறைந்துகொண்டிருந்தது.

வாசல்கதவு திறந்தே இருந்தது. கூடத்துத் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் ஜலஜாவுக்கு உயிர் வந்தது. எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கு இல்லையாமே," என்றார்.

"இப்போதைக்கு இல்லை."

"எனக்கு மருந்து இருக்கா?"

"வெளிநாட்டுல இருக்கு. நமக்கு எட்டற மாதிரி இல்லை."

அவர் சத்தமில்லாமல் அழுதார். ஜலஜா எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் தயங்கிவிட்டு, தரையில் ஊன்றியிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.