காதில் குடியிருந்தவர்கள்

அவசர அழைப்பு நிலையத்தில் போன் எடுக்கும் வேலையிலிருந்தவளின் இடது காதிலிருந்து, ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில் ஓர் ஆணின் குரல் வெளியே வந்தது. "மாடிப்படியில விழுந்துட்டாருங்க, பேச்சு மூச்சு இல்லை, சீக்கிரம் வாங்க" என்றது. அவள் அப்போது கண்ணாடி முன் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். முன்னறையில் ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்த அவள் கணவன் தையல் மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்குப் போய்ப் பார்த்தான். தெரு காலியாக இருந்தது. திரும்பி வந்தபோது குரல் அதையே இன்னொரு முறை சொன்னது.

"காதுல ரேடியோ எதுவும் மாட்டியிருக்கியா?"

"இல்லைங்க. இவர் போன வருஷம் கூப்பிட்டவர்" என்றாள். ஆளை அடையாளம் தெரிந்ததில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதல்கூட.

வேலையிடத்தில் அவளுக்கு நிதானம் என்று பெயர். ஊரே பற்றி எரிகிறது என்று ஒருவர் அலறினாலும் தெருப் பெயரைக் கேட்டு வாங்கிவிடுவாள். காயத்தை எந்தத் துணியால் அழுத்துவது, குழந்தையின் தலை வெளியே வந்துவிட்டால் எங்கே கை கொடுப்பது என்றெல்லாம், பக்கத்து வீட்டுக்காரிக்கு வழி சொல்வதுபோலச் சொல்வாள். வண்டி வந்து சேர்ந்ததும் லைன் அறுந்துவிடும். அறுந்த கையோடு அடுத்த அழைப்பு. விழுந்தவர் எழுந்தாரா, பிறந்தது அழுததா என்று யாரும் திரும்பக் கூப்பிட்டுச் சொன்னதில்லை. அதில் அவர்கள் மேல் குற்றமும் இல்லை. தீ அணைந்தபின் தண்ணீர்க் குழாய்க்கு யார் போய் நன்றி சொல்கிறார்கள்?

முதல் குரலைப் பார்த்து மற்றவர்களும் கிளம்பினார்கள். சாப்பிடும்போது ஒருத்தி, துணி காயப் போடும்போது ஒருவர். இதில் மிகவும் குஷியானவள் மாமியார்தான். டிவி சத்தத்தில் சுவர் அதிர்ந்தாலும் அரைகுறையாகவே கேட்கும் அவளுக்கு, மருமகளின் காதிலிருந்து வருபவர்கள் மட்டும் கணீரென்று கேட்டார்கள். நாற்காலியை அருகே இழுத்துப் போட்டுக்கொள்வாள்.

"அந்தக் கிணத்துல விழுந்தவன் என்ன ஆனான்?"

"தெரியாது அத்தை."

"தெரியாதா? இப்படிப் பாதியிலேயே விட்டா எப்படிடி தூக்கம் வரும்?"

அப்போதுதான் நிதானத்துக்கு உறைத்தது, தான் ஒழுங்காகத் தூங்கி வருஷக்கணக்காகிறது என்று.

விரைவில் பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகக் கிடந்தது. அளவு கொடுக்க வந்த மாப்பிள்ளைப் பையன் ஒருவன், "ரத்தம் நிக்கவே மாட்டேங்குது" என்ற கதறலைக் கேட்டு, பாதி அளவோடு ஓடிப்போனான். இதையெல்லாம் வீடு பொறுத்துக்கொண்டது. வேலையிடத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தொண்டையில் எதுவோ அடைத்த குழந்தையோடு ஒரு தகப்பன் அழைத்தான். லைனில் நிதானத்தின் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண் அழுவது அவனுக்குக் கேட்டது. "நீங்க முதல்ல அவங்களைக் கவனிங்க" என்று போனை வைத்துவிட்டான். அவ்வளவு நல்ல மனுஷன். நிதானம் திரும்பத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் அவன் மறுபடி எடுத்தான். குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டச் சொன்னாள். வண்டி போய்ச் சேர்ந்தது. லைன் அறுந்தது. அன்று மாலைக்குள் அந்தத் தகப்பனும் காதுக்குள் குடிவந்துவிட்டான்.

மேற்பார்வையாளர் அவளைப் போன் மேஜையிலிருந்து எழுப்பிக் காது டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் விளக்கடித்துப் பார்த்தார். "காது சுத்தமா இருக்கு. உள்ளதான் கூட்டம் ஜாஸ்தி" என்று சொல்லி, சொட்டு மருந்துகூட எழுதாமல் அனுப்பிவிட்டார்.

அந்த வருஷம்தான் அரசாங்கம், தீயணைப்பவர்களுக்கும் ஆம்புலன்ஸ்காரர்களுக்கும் போலீசாருக்கும் மனநல உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. போன் எடுப்பவர்களை அதில் சேர்க்கவில்லை. அவர்கள் சம்பவ இடத்துக்குப் போவதில்லை, நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்பது காரணம். அதுவரை மேலிடத்தில் நிமிர்ந்துகூடப் பேசியிராத மேற்பார்வையாளர், தலைமை அலுவலகத்துக்கு நேரில் போய், யாராவது வந்து பார்க்கிறவரை நகரமாட்டேன் என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். தொல்லை தாங்காமல் ஓர் அதிகாரி வந்தார்.

அதிகாரி கண்டிப்பானவர், ஆனால் கெட்டவர் அல்ல. நிதானத்தின் எதிரே உட்கார்ந்து, "உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே" என்று தொடங்கினார். அவர் முடிப்பதற்குள் காதிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "எங்கம்மா எழுந்திருக்க மாட்டேங்கறாங்க. உடம்பு சில்லுனு இருக்கு. நான் என்ன செய்யணும், சொல்லுங்க, நான் என்ன செய்யணும்?"

அதிகாரியின் குரலும் காதிலிருந்து வந்த குரலும் ஒன்றேதான் என்பது கூட நின்ற மேற்பார்வையாளருக்கே புரிந்துவிட்டது.

"சமையலறையில விழுந்திருந்தாங்க" என்றாள் நிதானம் மெதுவாக. "நெஞ்சை அழுத்தச் சொன்னேன். நான் எண்ண எண்ண அழுத்தினீங்க."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அது நீங்களா?" என்றார். பிறகு, "அம்மா அப்பவே போயிட்டாங்கம்மா. ஆனா வண்டி வர்ற வரைக்கும் நீங்க எண்ணிக்கிட்டே இருந்தீங்க. நான் தனியா இல்லை. அதை யார்கிட்டயும் சொன்னதில்லை. உங்ககிட்ட வந்து சொல்லணும்னு தோணவே இல்லை பாருங்க" என்றார்.

நிதானம் அழுதாள். அழுது முடித்தபோது அந்தக் குரல் காதில் இல்லை. செய்தி நல்லதா கெட்டதா என்று குரல்கள் பார்ப்பதில்லை, கதை முடிந்தால் போதும் போலிருக்கிறது.

அதன் பிறகு விதி வளைந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் சம்பவ இடத்தில் இருந்ததாகவே கொள்ளப்படும் என்று ஆணை வந்தது. பழைய ஹெட்போன்கள் குவிந்து கிடந்த அறையை ஒழித்து ஓர் ஆலோசகரை நியமித்தார்கள். ஆஸ்பத்திரிகளில் விசாரித்து வந்து சொல்ல ஓர் ஆளையும் போட்டார்கள். ஆலோசகர் வாயை மூடிக் கேட்கத் தெரிந்த பெண்மணி. கொஞ்ச நாளிலேயே மற்றவர்களும் அவரிடம் வரத் தொடங்கினார்கள். தீராத சளி என்று சொல்லி எப்போதும் காதில் பஞ்சோடு திரிந்த ஒருத்தி, பஞ்சை எடுத்ததும் அறை சந்தைபோல் ஆகிவிட்டது.

வருஷங்கள் போயின. நிதானம் மறுபடி போன் மேஜைக்கு வந்தாள். மாடிப்படியில் விழுந்தவர் ஊன்றுகோலோடு நடக்கிறார் என்று தெரிந்தது. அவருக்காகக் கூப்பிட்டவர் காதைவிட்டுப் போனார். தொண்டை அடைத்த குழந்தை பள்ளிக்கூடத்தில் வம்பு செய்துகொண்டிருந்தது. அந்தத் தகப்பன் சிரித்துக்கொண்டே போனான். கிணற்றில் விழுந்தவன் பிழைக்கவில்லை என்று தெரிந்ததும் மாமியார் ஒரு வேளை சாப்பிடாமல் இருந்தாள்.

ஒரே ஒரு குரல் மட்டும் போகவில்லை. "ஒண்ணுமில்லைங்க, தப்பா நம்பர் போட்டுட்டேன்" என்று ஒரு பெண். எந்த ஆஸ்பத்திரியிலும் அவளைப் பற்றிய தகவல் இல்லை. அதைச் சொல்வதற்குச் சற்று முன்பு அவளுக்குப் பின்னால் ஒரு கதவு அடைபட்ட சத்தம் கேட்டதாக நிதானம் ஆலோசகரிடம் மட்டும் சொன்னாள்.

"இது முடியாதாம்மா?" என்று கேட்டாள்.

"முடியாம இருக்கலாம். ஆனா நீங்க ஒருத்தரே சுமக்கணும்னு இல்லை" என்றார் ஆலோசகர்.

நிதானம் வீட்டில் சொன்னாள். அன்றிலிருந்து அந்தப் பெண் பேசும்போதெல்லாம் மாமியார், "பரவாயில்லை, சொல்லும்மா, நாங்க இருக்கோம்" என்பாள். நிதானம் தூங்கினாள். புதிதாக வருகிற வாடிக்கையாளர் யாராவது அந்தக் குரலுக்குத் திடுக்கிட்டுத் திரும்பினால், கணவன் அளவு நாடாவைத் தோளிலிருந்து எடுத்தபடி, "எங்க வீட்டுப் பொண்ணுதாங்க. நீங்க கையை நீட்டுங்க" என்பான்.