நூடுல்ஸ் கடை மாமாவுக்கு அழுத தெரு

கொரிய நாடகத்தில் வரும் நூடுல்ஸ் கடை மாமா ஒரு வியாழக்கிழமை செத்துப்போனார். அந்தச் சாவை யார் வீட்டில் வைப்பது என்ற பேச்சு, வெள்ளிக்கிழமை காலையிலேயே தறிக்காரத் தெருவில் வந்துவிட்டது.

சாவு என்றால் அதற்கு ஒரு வீடு வேண்டும். வாசலில் பந்தல் போட வேண்டும், நாற்காலி இறக்க வேண்டும், வருகிறவர்கள் கட்டிக்கொண்டு அழ வீட்டுக்காரி ஒருத்தி நிற்க வேண்டும். நாடகத்தில் இதில் ஒன்றுகூட நடக்கவில்லை. மாமா பேருந்து நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்தவாக்கிலேயே கண்ணை மூடினார். பக்கத்தில் பனி கொட்டிக்கொண்டிருந்தது, கதாநாயகனும் கதாநாயகியும் ஒரே குடைக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள், அடுத்த காட்சியில் கல்யாணம். தாயில்லாத கதாநாயகியைத் தூக்கி வளர்த்து, நூடுல்ஸ் விற்றுப் படிக்கவைத்த தாய்மாமன் அவர். மாமா எங்கே என்று ஒரு வார்த்தை கேட்காமல் அந்தப் பெண் வெள்ளை கவுனில் நடந்து வந்தாள். தாய்மாமன் செத்துக் கிடக்கும்போது மேடை ஏறியவளைக் கொரியாவில் யாரும் கண்டிக்கவில்லை போலிருக்கிறது. கரூரில் அப்படி விட முடியாது. தறிக்காரத் தெருவில் அந்த வியாழக்கிழமை இரவு எந்த வீட்டிலும் அடுப்பு எரியவில்லை.

தெருக்கோடி வீட்டில் சாந்தாமணி இருந்தாள். ஏற்றுமதி கம்பெனியில் துண்டுகளுக்குச் செக்கிங் பார்ப்பவள். அவள் கணவன் நல்லுசாமி பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்து, நுரையீரல் முழுக்கப் புகையை வாங்கிக்கொண்டு, இப்போது உள்ளறைக் கட்டிலில் கிடந்தான். வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பிடித்ததைச் செய்து கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவனுக்குப் பிடித்தது நூடுல்ஸ் கடை மாமாதான். போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து இருவரும் நாடகம் பார்ப்பார்கள். "இந்தாளுக்கு ஒரு வசனங்கூடக் குடுக்க மாட்டேங்கறாங்க பாரு சாந்தா" என்பான். மாமாவுக்கு உண்மையிலேயே பேச்சு கிடையாது. யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டியா?" என்று கேட்பார், அவ்வளவுதான்.

சாந்தாமணிக்கு ஒரே ஒரு பயம் இருந்தது. நல்லுசாமி சாகப்போகிறான் என்பதைக்கூட அவள் ஏற்றுக்கொண்டுவிட்டாள். அவன் செத்தால் யார் வருவார்கள் என்பதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தமும் அவர்கள் கல்யாணம் செய்துகொண்ட அன்றே தலைமுழுகிவிட்டது. பிள்ளையும் இல்லை. பெண்டாட்டி தனியாக அழுதால் அந்தப் பக்கத்தில் அது அழுகையில் சேராது. எதிரே இன்னொருத்தி வந்து தோளைப் பிடிக்க வேண்டும், இருவரும் தலையோடு தலை முட்ட உட்கார்ந்து அழ வேண்டும், அப்போதுதான் அது எழவு. வரப்போகிற அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் வைத்துப் பார்க்க சாந்தாமணி பல நாளாக முயன்று வந்தாள். எந்த முகமும் பொருந்தவில்லை.

சுயஉதவிக் குழுத் தலைவி ருக்மணி வந்து கேட்டாள்.

"சாந்தாக்கா, தெருவுலயே உங்க வாசல்தானுங்க பெருசு. எப்படியும் பந்தல்காரர்கிட்ட சொல்லித்தான் வெச்சிருப்பீங்க. மாமாவ இங்க வெச்சுக்கலாமுங்களா?"

பந்தல்காரரிடம் அவள் சொல்லித்தான் வைத்திருந்தாள். அதனால் இதில் வருத்தப்பட எதுவும் இல்லை. ஒரு தடவை இந்த வாசலை மிதித்தவர்கள் அடுத்த தடவையும் வருவார்கள், வழி பழகிவிடும் என்று அவள் மனக்கணக்குப் போட்டாள். உள்ளே போய் நல்லுசாமியிடம் கேட்டாள்.

"வெக்கட்டும்" என்றான் அவன். "பாவம், அவருக்கும் ஆரு இருக்கறா? சத்தம் கேக்காம நான் மெதுவா இருமிக்கறேன்."

சனிக்கிழமை எழவு நடந்தது. ஐஸ் பெட்டிக்குள் தலையணை போட்டு அதன்மேல் போனைச் சாய்த்து வைத்தார்கள். திரையில் மாமா பெஞ்சில் கண்மூடி இருந்தார். சார்ஜர் ஒயர் மூடிக்கு வெளியே வந்தது. திரை மங்கும்போதெல்லாம் ஒரு பெண் மூடியைத் தூக்கி விரலால் தொட்டுவிட்டு அழுகையைத் தொடர்ந்தாள். சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலி. 'எங்கள் தாய்மாமன்' என்று போட்டுக் கீழே தெருவில் இருக்கும் அத்தனை பெண்களின் பெயரும் இருந்தது. தறிகள் நின்றன. ஆண்கள் வரிசையில் நின்று மொட்டை போட்டுக்கொண்டார்கள்.

வீட்டுக்காரி என்பதால் வந்தவர்கள் எல்லாரும் சாந்தாமணியின் தோளைத்தான் பிடித்தார்கள். "பனியில குந்தியிருந்தயே, பாக்க ஒரு சனமில்லயே" என்று ருக்மணி ஒப்பாரியை எடுத்துக் கொடுக்க, சாந்தாமணிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கண்ணீர் வந்ததோ. அவளை மனுஷர்கள் தொட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. ஒவ்வொருத்தியின் வியர்வையும் பவுடர் வாசனையும் அவள் கழுத்தில் ஒட்டியது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதற்காக வெட்கப்பட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள்.

உள்ளறைக்குக் கஞ்சி எடுத்துக்கொண்டு போனபோது நல்லுசாமி விழித்திருந்தான்.

"நல்லா அழுவறாங்க சாந்தா. நெஞ்சு நெறஞ்சு போச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "எனக்கும் இப்படி வருவாங்கல்ல?"

"வராம எங்க போவாங்க" என்றாள் அவள்.

பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. தெருவுக்கு ஒரு வருடத் தீட்டு என்பதால் கோலமும் கல்யாணமும் நின்றன. தாய்மாமன்களுக்கு நல்ல காலம் பிறந்தது. கண்டுகொள்ளாமல் விட்ட மாமன்களையெல்லாம் மருமகள்கள் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார்கள். மாமன்களும் வேலைக்குப் போவதை விட்டுவிட்டுப் பேருந்து நிறுத்தங்களில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். மருமகள்கள் அங்கேயே தூக்குப்போசியில் சோறு கொண்டுபோய்க் கொடுத்து, கண்ணை மூடிவிடாதீர்கள் மாமா என்று கெஞ்சிவிட்டு வந்தார்கள். உட்கார இடம் போதாமல் டவுன் பஸ்ஸுக்குப் புதிதாக நிறுத்தங்கள் அமைக்க வேண்டியிருந்தது. கட்டிலில் கிடக்கும் வெல்டரை விசாரிக்க இதற்கு நடுவில் யாருக்கும் பொழுது இல்லை. நல்லுசாமி யாருக்கும் தாய்மாமன் இல்லையே.

ஆடி மாதம் ஒரு நண்பகலில், சாந்தாமணி கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தபோது நல்லுசாமி செத்துப்போனான். அவள் கண்ணை மூடிவிட்டாள், மூக்கில் பஞ்சு வைத்தாள், கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினாள். பிறகு வாசலுக்கு வந்து கையைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றாள். யாரும் வராததால் ருக்மணி வீட்டுக்குப் போனாள்.

"ருக்கு, அவரு போயிட்டாரு."

ருக்மணி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"அக்கா, உங்க வீட்டு எழவுக்குத்தான் நாங்க வந்துட்டமுங்களே."

"அது அவருக்கு. இது இவருக்கு."

"வீடு ஒண்ணுதானுங்கக்கா. வந்தவங்க வீட்டுக்குப் பதிலுக்கு நீங்க ஒரு தடவ போகாம, நாங்க மறுபடியும் உங்க வாசல மிதிக்கறது மொறையில்லீங்க. எங்க வீடுகள்ல எழவு விழுந்து, நீங்க வந்து அழுது முடிச்சீங்கன்னா, அப்பறம் நாங்க வரலாமுங்க."

"உங்க வீடுகள்ல ஆரும் சாகலியே ருக்கு."

"அதானுங்கக்கா" என்றாள் ருக்மணி. அவளுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தாள், இமையைப் பிதுக்கிக் காட்டினாள். உள்ளே ஈரமே இல்லை. "மாமாவுக்கு அழுததுலயே எல்லாம் தீந்துபோச்சுங்கக்கா. உங்கமேல கோவமெல்லாம் கெடையாதுங்க."

சாந்தாமணி தெரு முழுக்கப் போனாள். எல்லா வீட்டிலும் தண்ணீர் கொடுத்தார்கள். ஐஸ் பெட்டிக்காரர் பெட்டி குளித்தலையில் இருக்கிறது என்றார், அங்கே நாடகம் தாமதமாக ஓடுவதால் மாமா இப்போதுதான் செத்திருக்கிறாராம். பாடைக்காரர் மட்டும் மறுநாள் சாயங்காலம் பாடை கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டார். அவள் கம்பெனியில் கழித்துப்போட்ட துண்டுகளை நனைத்து நல்லுசாமிமேல் போர்த்தி, மின்விசிறியைப் பக்கத்தில் வைத்தாள். அழுது பார்த்தாள். எதிரே தோள் இல்லாததால் அழுகை தொண்டையிலிருந்து மேலே ஏறவில்லை. இத்தனை பேரைக் கட்டிக்கொண்டு அழுதும் இவனுக்கென்று ஒரு சொட்டு எடுத்துவைக்காமல் போனோமே என்று அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் நூடுல்ஸ் கடை மாமா வந்து இறங்கினார்.

தன் எழவை நடத்திக்கொடுத்த வீட்டுக்குப் பதில் எழவுக்குப் போக வேண்டும் என்ற முறை அவருக்குத் தெரிந்திருந்தது. அதே சாம்பல் நிற ஸ்வெட்டர். வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே போய் நல்லுசாமியை இடுப்பு வளையக் குனிந்து கும்பிட்டார். பிறகு சாந்தாமணியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

முந்தின நாளிலிருந்து அவள் எதுவும் சாப்பிடவில்லை. அவள் அவர் பக்கம் ஓரடி எடுத்து வைத்தாள். ஆனால் ஆண்பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழ முடியாது. மாமாவுக்கும் அது தெரியும். அவர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முட்டிமேல் கையை வைத்துக்கொண்டார்.

அரைமணி நேரத்தில் தெரு கூடிவிட்டது. எழவு சொல்லிவிட்ட வீட்டுக்குப் போகத்தான் முறை பார்க்க வேண்டும், மாமாவைப் பார்க்க வருவதற்கு முறை ஏதும் கிடையாது என்றாள் ருக்மணி. மாமாவின் முகத்தைப் பார்த்ததும் வற்றிக் கிடந்த கண்களிலெல்லாம் தண்ணீர் வந்தது. அந்தச் சனிக்கிழமை அழுததைவிட நன்றாக அழுதார்கள்.

சாந்தாமணி உள்ளே ஓடி நல்லுசாமியின் கட்டிலைப் பிடித்து இழுத்தாள். ஒற்றை ஆளாக வாசற்படி தாண்டி இறக்கி, மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இடிக்கிற மாதிரி கொண்டுவந்து போட்டாள். இத்தனை கண்ணீரில் எது யாருக்கு விழுந்தது என்று பிரித்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்? அழுகிற சத்தம் அவன் காதில் பட்டால்கூடப் போதும் என்று நினைத்தாள். பிறகு கூட்டத்துக்குள் புகுந்து ருக்மணியின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நெருப்புல நின்னு கூண்டு கட்டினயே, புகையத் தின்னு படுத்தயே" என்று ஆரம்பித்தாள்.

ருக்மணி அவள் காதருகே மெதுவாகச் சொன்னாள். "நூடுல்ஸ் கடைங்கக்கா. மாமாவுக்கு வெல்டிங் தெரியாதுங்க."

சாந்தாமணி நிறுத்திக்கொண்டாள். ருக்மணி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"அப்பறம், அந்தக் கட்டில மட்டும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிப் போட்டிருங்கக்கா. மாமாவ மறைக்குதுங்க."

அவள் தள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, இன்னும் கொஞ்சம் தள்ளச் சொன்னார்கள். கட்டில் கடைசியில் உள்ளறையில் பழைய இடத்துக்கே போய்விட்டது.

சாயங்காலம் பாடை வந்தது. இருந்தது ஒரு பாடைதான். தூக்குகிறவர்கள் நேராக மாமாவிடம் போனார்கள். அவர் சாந்தாமணியைப் பார்த்தார், உள்ளறையைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அவருக்கு வேறு வசனம் கொடுத்திருக்கவில்லை. எதிர்த்துப் பேசி யாருக்கும் சிரமம் கொடுத்துப் பழக்கமில்லாதவர் என்பதால் ஸ்வெட்டரைச் சரிசெய்துகொண்டு தானே ஏறிப் படுத்தார். சங்கு ஊதினார்கள். மொத்தத் தெருவும் அமராவதி ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்கு அவர் பின்னால் போனது. பெண்கள் முறைப்படி வாசலைக் கழுவி, வீடெல்லாம் தண்ணீர் தெளித்து, விளக்கேற்றி வைத்துவிட்டுப் போனார்கள்.

சாந்தாமணி கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, சனம் நெறைய வந்துச்சுங்க" என்றாள்.

காலையில் நல்லுசாமி எழுந்து உட்கார்ந்தான். யாரும் அழாததால் அவன் படுத்தே கிடப்பதற்குக் காரணம் எதுவும் இல்லை. மூக்கிலிருந்த பஞ்சை எடுத்து வைத்துவிட்டு நீலச் சட்டையைக் கேட்டான். சாந்தாமணி தேய்த்துக் கொடுத்தாள். பட்டறையில் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை, விட்ட இடத்திலிருந்து வெல்டிங்கைத் தொடரச் சொன்னார்கள். கையில் பொறி விழுந்தாலும் இழுத்துக்கொள்ளாததால் இப்போது பற்றவைப்புகள் நேர்த்தியாக வருகின்றன என்று மேஸ்திரிக்குத் திருப்தி. சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கட்டிலில் நேராகப் படுத்துக்கொள்கிறான். கஞ்சி வேண்டாம் என்கிறான். அவள் பஞ்சை வைத்து, கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிவிடுகிறாள்.

முடிச்சை மட்டும் இவ்வளவு இறுக்கமாகப் போடாதே என்று நேற்றுச் சொன்னான். காலையில் அவிழ்ப்பதற்குள் பஸ் போய்விடுகிறதாம்.