கல்லில் கிடக்கும் ரொட்டி

1.

இந்தக் கதை எனக்குப் பசியில் கிடைத்தது. யூஃப்ரோசினாவின் டாக்கோ கடையில் தட்டு வர நேரமானது. கை துடைக்கும் காகிதத்தில் எழுதத் தொடங்கிவிட்டேன். நான் அதிகம் படித்தவனில்லை. கதை எழுதுகிறவர்களை நம்புவதும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

“புவெப்லா நகரத்தின் மேல் மெல்லிய மாலை ஒளி…”

வேண்டாம். ஒளியைத் தின்ன முடியாது.

2.

கிரிசாந்தோ இந்தக் கடையில் பல வருஷம் அடுப்புக் கல் முன்னால் நின்று டாக்கோவுக்குக் கறி மடிக்கிற சோள ரொட்டி சுட்டவன். போன மாதம் யூஃப்ரோசினாவின் மகளைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வயிற்றுப்புண்காரர். பச்சைச் சட்னியைக் காட்டி, “காரமாப்பா?” என்றார்.

“துளிகூட இல்லீங்க” என்றான் கிரிசாந்தோ.

(டாக்கோ விற்கிற எவனும் இதைத்தான் சொல்வான். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் பொய் இல்லை, உபசாரம்.)

அவர் குழாயடிக்கு ஓடினார். கல்யாணப் பேச்சும் பின்னாலேயே ஓடியது. அன்றே கிரிசாந்தோவின் வேலையும் போனது.

3.

இன்று வாடிக்கையாளனாக வந்து உட்கார்ந்திருக்கிறான்.

“எதுக்குய்யா வந்தே?”

“திங்கத்தான், முதலாளியம்மா.”

“ஊர்ல வேற கடையே இல்லையா?”

“இருக்கு. அங்கெல்லாம் ரொட்டி நல்லா வேகுது. எனக்குப் பழக்கமில்ல.”

[அவள் சிரித்தாள்.]

என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்த யூஃப்ரோசினா, “பெரியவரே, நான் எப்ப சிரிச்சேன்? அடிங்க அதை!” என்றாள்.

அடித்துவிட்டேன். ஆனால் சிரித்தாள்.

4.

புதுச் சமையல்காரன் ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு வாசலில் யாரோடோ பேசப் போய்விட்டான். கிரிசாந்தோவின் விரல்கள் மேஜைமேல் தாமாகவே எதையோ புரட்டுகின்றன. அவனுக்கு வேலை திரும்ப வேண்டும். அவளுக்கும் ஆள் வேண்டும். கேட்க மட்டும் இரண்டு பேருக்கும் வாய் வராது.

முதல் முடிவு: அவள் அவனுடைய பழைய ஏப்ரனை அவன்மேல் வீசுகிறாள். தித்திப்பு அதிகம், நான் சர்க்கரை வியாதிக்காரன்.

இரண்டாவது: அவன் தின்று முடித்து, கிளம்பும்போது எங்கள் ஊர் வழக்கப்படி எல்லா மேஜைக்கும் “நல்லா சாப்பிடுங்க” சொல்லிவிட்டு, அவளிடம் மட்டும் சொல்லாமல்…

இதை எழுதினால் நாளை எனக்கு இங்கே தட்டு வராது.

ரொட்டி உப்புகிறது. இருவரும் அதையே பார்க்கிறார்கள். நான் வாயைத் திறந்தால், ஓசி டாக்கோவுக்கு எழுதினான் என்பீர்கள். இதைப் படிக்கிற நீங்களோ கல்லுக்குப் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். ரொட்டியைப் புரட்ட ரெண்டு பேரில் யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

சீக்கிரம். ஓரம் கருகுகிறது.