அஜரத்து ஏறிய மேடை

பரசுராமனுக்குத் தான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. எங்கள் கட்சியின் ஒன்றியச் செயலாளர் அல்லவா? ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்துத் தேர்தல் தள்ளிப்போனதும், "தாடியும் தொப்பியுமா மேடையில நின்னா ஜனங்க மெரளும். இந்தத் தபா அஜரத்து பேச வேணாம்" என்றான். அப்படியானால் என் மகளிர் அணி வீட்டோடு இருக்கும் என்றேன். அடங்கினான்.

தாடிக்கா பயம்? அவர் வாய்க்குத்தான். நாங்கள் அஜரத்து என்று கூப்பிடும் உதுமான் பாகவி எங்கள் ஊர்ப் பள்ளிவாசல் இமாம். எங்களுடையது தனித்தொகுதி, அவர் நிற்க முடியாது, பேசத்தான் முடியும். அவரை அரசியலுக்கு இழுத்தது என் புருஷன் சின்னப்பையனின் பாடை. காலனிப் பிணம் கடைத்தெரு வழியாகப் போகக்கூடாதாம், ஏரி வரப்பில் வழுக்கிக்கொண்டே சுடுகாடு சேரவேண்டுமாம். அன்று பரசுராமனின் பங்காளிகள் தெருமுனையில் எங்களை மறித்தார்கள். எதிரே வந்த அஜரத்து, "பாடை எதிர்ல வந்தா தோள் குடுக்கறது எங்க வழக்கம்" என்று முன்பக்க மூங்கிலைத் தோளில் வாங்கித் தெருவுக்குள் நடந்துவிட்டார். ஒருத்தனுக்கும் தடுக்கக் கை வரவில்லை.

அதன்பிறகு எந்த மேடையிலும் அவருக்கு அதே பேச்சுதான், காலனிப் பிணத்துக்குக் கடைத்தெருவில் வழி வேண்டும் என்று. இந்த முறை வேட்பாளர் வாயாலேயே வழி உண்டு என்று சொல்லவைப்பதாக இருந்தார். கடைத்தெரு வியாபாரியான ஜமாத் தலைவர் மஸ்தான் சாகிபு, "மேடை ஏறினா இமாம் வேலையும் கெடையாது, பள்ளிவாசல் வூடும் கெடையாது" என்று சொல்லியனுப்பினார்.

கூட்டத்தன்று பரசுராமன் அஜரத்தின் பெயரைக் கூப்பிட்டான். அதே நேரம் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கும் ஒலித்தது. பார்த்துப் பார்த்து வைத்த நேரம், பாவி. இமாம் தொழவைக்கப் போகாமல் இருக்க முடியுமா? அதற்குள் வேட்பாளர் பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

"போய்ட்டு வாங்க அஜரத்து" என்று நான் மேடையேறி, மைக்கைப் பிடுங்கி மடியில் வைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னா கிளி, வெளையாடறியா? வேட்பாளர் வந்துட்டாரு" என்றான் பரசுராமன்.

"வந்தா குந்தச் சொல்லு. என் புருசன் பொணம் தெருமொனையில காத்துகினு கெடந்துச்சே, இவரு கொஞ்சம் காத்துகினு இருந்தா தேஞ்சா பூடுவாரு?"

கீழே பெண்கள் சிரித்தார்கள். வேட்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பரசுராமன் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது.

தொழுகை முடிந்து அஜரத்து வந்தார். "யோசிச்சுக்குங்க அஜரத்து" என்று மஸ்தான் சாகிபு பின்னாலேயே வந்தார். அஜரத்து ஜிப்பாப் பையிலிருந்து வீட்டுச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்துவிட்டு மேடையேறினார். அஜரத்தின் மனைவி ஜொகரா மூட்டை முடிச்சோடு பெண்கள் நடுவில் உட்கார்ந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

மைக்கைக் கொடுத்தேன். அவர் வேட்பாளர் பக்கம் திரும்பினார்.

"ஐயா, நீங்களும் பக்கத்தூர் காலனிதான். உங்க அப்பாவை எந்த வழியாத் தூக்கினு போனாங்க?"

வேட்பாளர் பரசுராமனைப் பார்த்தார்.

"அவரைப் பாக்காதீங்க. எங்களைப் பாத்துச் சொல்லுங்க" என்று அஜரத்து மைக்கை அவர் வாயருகே பிடித்தார்.

"வரப்பு மேல" என்றார் வேட்பாளர்.

"இனிமே?"

காலனிப் பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். வேட்பாளரும் எழுந்தார். "கடைத்தெரு வழியா" என்றார். தெரு நெடுகக் கட்டியிருந்த அத்தனை ஒலிபெருக்கியிலும் அது கேட்டது.