லிஃப்டின் முதல் சவாரி

ஆஸ்பத்திரியில் லிஃப்ட் இருக்கிறது, ஆனால் நோயாளி அதில் ஏறக் கூடாது என்று சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். லஸ்ஸுக்குப் பக்கத்திலிருந்த ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் எழுபத்து நாலாம் வருஷம் அப்படித்தான் நடந்தது. அங்கே யாரும் சிரிக்கவில்லை. ஸ்ட்ரெச்சர் மேஸ்திரி ஐவிக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

ஐவி சாந்தோம்காரி. மாதா கோவிலுக்குப் பின்சந்தில் வீடு. ஆண்பிள்ளைகள் தூக்கினால் வர மாட்டோம் என்று கோஷாப் பெண்களும் மடிசார் மாமிகளும் ஒருசேர அடம்பிடித்ததால், பெண் நோயாளிகளைத் தூக்கவென்றே அந்த ஆஸ்பத்திரி நாலு பெண்கள் கொண்ட ஒரு செட்டை வைத்திருந்தது. அந்தச் செட்டுக்கு ஐவி தலைவி. தோளில் குத்தியிருந்த பித்தளை வில்லை அதற்கு அடையாளம். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறாளோ இல்லையோ, அந்த வில்லையைப் புளி போட்டுத் தேய்க்காமல் விடமாட்டாள்.

தி. நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருந்த சிதம்பரநாதன்தான் ஆஸ்பத்திரியின் டிரஸ்டி. தன் அப்பா பெயரில் மாடி கட்டிக்கொடுத்து, ஆபரேஷன் தியேட்டரை அங்கே கொண்டுபோனவரும் அவர்தான். கொடுக்கிற கை, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் அவர் புத்தி புல் மேயப் போய்விடும். தியேட்டரை ஐப்பசியிலேயே திறந்தவர் லிஃப்டைத் திறக்கவில்லை. மந்திரி வந்து ரிப்பன் வெட்ட வேண்டும், முதல் சவாரி மங்களகரமாக இருக்க வேண்டும், வலியும் ரத்தமுமாக ஒரு நோயாளி முதலில் ஏறினால் கட்டடமே விளங்காது என்று உத்தரவு போட்டுவிட்டார். மந்திரியோ தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்.

"பேரு பெத்த பேரு, தாக நீலு லேது" என்று, பேர்தான் பெரிசு, குடிக்கத் தண்ணி இல்லை என்கிற தெலுங்குப் பழமொழியை, லிஃப்டைக் கடக்கும்போதெல்லாம் ஐவி முணுமுணுப்பாள். அவளுக்கும் அவள் செட்டுக்கும் மாடிப்படிதான் கதி. முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர். படியேறும்போது ஐவி "தோள்" என்று குரல் கொடுத்தால் பின்னால் வருகிறவர்கள் ஸ்ட்ரெச்சரைத் தோளுக்கு ஏற்றி மட்டம் பிடிப்பார்கள். இறங்கும்போது அந்த வேலை முன்னால் போகிறவர்களுக்கு. அப்படி இறங்குகையில்தான் ஒரு நாள், செட்டில் ஒருத்தியான தங்கபுஷ்பத்தின் கால் வழுக்கியது. ஸ்ட்ரெச்சரிலிருந்த சுந்தரவல்லி டீச்சர் சரிந்து விழுந்து, தையல் பிரிந்து, வந்த வழியே மறுபடி தியேட்டருக்குப் போனாள். பிழைத்துக்கொண்டாள் என்றாலும் அவள் போட்ட அலறல் ஐவியின் காதைவிட்டுப் போகவே இல்லை. மாடியைப் பார்த்தாலே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

தை பிறந்து, ஒருவழியாக மந்திரி வருகிற நாளும் வந்தது. வாசலில் பந்தல், உள்ளே நாதஸ்வரக் கச்சேரி, சந்தனம், கல்கண்டு. காலையில் லிஃப்ட்காரர் வைரவன் விருந்தாளிகளுக்கான சோபாவையும் சோடாப் பெட்டிகளையும் லிஃப்டில் மேலே ஏற்றிக்கொண்டிருந்தார். ஐவி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தாள்.

"இன்னா வைரவா, சோபா ஏறலாம், சோடா ஏறலாம், மனுஷி ஏறக் கூடாதா?"

"இது ட்ரயல்மா. சவாரிக் கணக்குல வராது" என்றார் வைரவன்.

அதற்கப்புறம் லிஃப்ட் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். வெள்ளித் தட்டில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு சிதம்பரநாதன் காத்திருந்தார். சொன்ன நேரம் போய், நல்ல நேரமும் போய், மந்திரியைக் காணோம்.

வந்தது ஹாஜிரா பீ. மீர்சாகிப்பேட்டையிலிருந்து ரிக்‌ஷாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். வீட்டிலேயே பிரசவம் பார்க்கலாம் என்று இருந்துவிட்டார்கள். குழந்தை குறுக்கே கிடந்து, கை மட்டும் வெளியே வந்துவிட்டது. டாக்டரம்மா ஒரு தரம் தொட்டுப் பார்த்தார்.

"உடனே மேல கொண்டு வா ஐவி. ஆட்டாமக் கொண்டு வா. ஆட்டினா கர்ப்பப்பை கிழிஞ்சிடும், ரெண்டு உயிரும் போயிடும்" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் படியேறி ஓடினார்.

ஐவி படிப்பக்கம் திரும்பவில்லை. ட்ராலியை நேரே, மந்திரிக்காக விரித்திருந்த ரத்தினக் கம்பளத்தின்மேல் உருட்டினாள்.

"ஏ ஐவி, எங்க வாரே?" என்றார் சிதம்பரநாதன்.

"மேல போணும் மொதலாளி."

"படி அந்தாலல்லா இருக்கு?"

"தெரியும். அதுலதான நாங்க இத்தினி நாளா ஏறிக்கினு கீறோம்."

"இன்னும் பத்து நிமிசம் பொறு. மந்திரி அடையாத்துப் பாலம் தாண்டிட்டாவன்னு போன் வந்துட்டு."

"புள்ளையோட கை வெளிய வந்து கீது. அதுங்கிட்ட நீங்களே சொல்லுங்க, பத்து நிமிசம் பொறுன்னு."

அவர் ட்ராலியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தார். "வேணும்னா ஆம்பளையாளு நாலு பேரைத் தாரேன். பையத் தூக்கிட்டுப் போவட்டும்."

ஹாஜிரா பீ ஐவியின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "வேணாக்கா. நீங்களே கொண்டு போங்க" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை.

"கேட்டுக்கோ," என்றார் சிதம்பரநாதன். குரல் மாறிவிட்டது. "அந்த ரிப்பன்ல கைவச்சேன்னா, வில்லையைக் கழட்டி வச்சிட்டு அப்படியே வீட்டுக்குப் போயிரணும்."

ஐவிக்குப் பயமாகத்தான் இருந்தது. புருஷன் போய்ச் சேர்ந்தபின், கான்வென்டில் படிக்கிற இரண்டு பெண்களுக்கும் சோறு போடுவது அந்த வில்லைதான். ஆனால் படியும் கண்முன் நின்றது. சுந்தரவல்லி டீச்சர் சரிந்த அதே படி. வெள்ளித் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரே வெட்டு.

ரிப்பன் விழுந்ததைத் தூரத்திலிருந்து பார்த்த தவில்காரர், மந்திரி வந்துவிட்டார் என்று நினைத்துக் கெட்டிமேளத்தை முழக்கிவிட்டார்.

"வைரவா, ஏறுறியா, நானே ஓட்டட்டுமா?" என்றாள் ஐவி. வைரவன் முதலாளி முகத்தைப் பார்க்காமல் ஏறிக்கொண்டார். அப்படியாக, அந்த லிஃப்டின் முதல் சவாரி மேளதாளத்தோடுதான் போனது.

மேலே ஹாஜிரா பீயைத் தியேட்டருக்குள் விட்டதும், ஐவி லிஃப்டின் கிராதிக் கதவை ஒரு சாண் திறந்து வைத்து, அதன் குறுக்கே தானே நின்றுகொண்டாள். கதவு சாத்தாவிட்டால் லிஃப்ட் நகராது.

"அவளை இறக்கவும் இதுதான். அதுவரைக்கும் இது இங்கதான் நிக்கும்" என்றாள். அன்று படியில் வழுக்கியதில் பிடித்துக்கொண்ட முதுகோடு தங்கபுஷ்பமும் அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

கீழே வேறு ரிப்பன் கட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே மந்திரி வந்தார். லிஃப்டைக் கூப்பிட்டு மணி அடித்தது, மறுபடி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் சிதம்பரநாதன் படியேறி வந்தார். வேட்டியைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கீழ மந்திரி... நிக்காவ. லிஃப்டை விடு."

"நிக்கட்டும் மொதலாளி. ஒரு வாட்டி ஏறினீங்க, இன்னா மூச்சு வாங்குது பாருங்க. அதுவும் கையில யாரும் இல்லாம."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது தியேட்டருக்குள் ஒரு குழந்தை அழுதது. முதலில் மெலிதாக, பிறகு வீறிட்டு. தங்கபுஷ்பம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஐவி அழுதாள், அழுதபடியே கதவை விடாமல் நின்றாள். சிதம்பரநாதன் படியில் இறங்கிப் போனார். லிஃப்டில் வரும்படி அவரை யாரும் கூப்பிடவில்லை.

தையல் முடிந்து லிஃப்ட் இறங்கியபோது, கிராதிக்குள் முதலில் ட்ராலியின் சக்கரங்களும் சில ஜோடிக் கால்களும் கீழிருந்தவர்களுக்குத் தெரிந்தன. பிறகு மயக்கம் தெளியாத ஹாஜிரா பீ. தங்கபுஷ்பத்தின் கையில் துணி சுற்றிய பெண்குழந்தை. ஒரு கையால் சலைன் பாட்டிலை உயரப் பிடித்து, மறு கையால் ட்ராலியைப் பற்றியபடி ஐவி. வைரவன் கதவைத் திறந்தார். ரிப்பன் வெளியே குறுக்கே நின்றது. அந்தப் பக்கம் மந்திரி கத்தரிக்கோலோடு நின்றார்.

"வெட்டுங்க சார்" என்றாள் ஐவி. "தையல் போட்ட உடம்பு, காக்க வைக்கக் கூடாது."

மந்திரி அவளைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், வெட்டினார். போட்டோக்காரர் பளிச்சென்று படம் எடுத்தார். தவில்காரர் இந்த முறை சந்தேகத்தோடு நாலு பக்கமும் பார்த்துவிட்டு முழக்கினார்.

ட்ராலி வார்டு வாசலுக்கு வந்தபோது சிதம்பரநாதன் குறுக்கே நின்றுகொண்டிருந்தார். உள்ளங்கையை நீட்டி, யாருக்கும் கேட்காத குரலில், "வில்லையைக் கழட்டு" என்றார்.

ஐவி பாட்டிலை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள்.

"கை காலியா இல்ல மொதலாளி" என்றாள். "வழிய விடுங்க."

அவர் விட்டார்.