ஒரே ஃபோல்டர்ல ரெண்டு அம்மா

யார்கிட்டயும் சொல்லிடாதடி யாமினி. நான் அம்மான்னு கூப்பிட்டா இப்பல்லாம் கீழ்வீட்டு அம்மாதான் வர்றாங்க.

எங்க அபார்ட்மென்ட் ஒரு வெப்சைட். ஒவ்வொரு வீடும் ஒரு பக்கம். அம்மாக்களை மொட்டைமாடி ரூம்ல, எல்லாப் பக்கத்துக்கும் பொதுவான டெம்ப்ளேட் ஃபோல்டர்ல வச்சிருக்காங்க. கூப்பிட்டா எறங்கி வருவாங்க.

இன்னிக்கும் கூப்பிட்டேன். கீழ்வீட்டு சரோஜினி ஆன்ட்டி வந்தாங்க, தோசைக்கரண்டியோட.

"என்ன கண்ணு?"

"எங்க அம்மாவைக் கூப்பிட்டேன் ஆன்ட்டி."

"நானும் அம்மாதானே. தோசை ஊத்தட்டுமா?"

சாப்பிட்டேன். நல்லா இருந்துச்சு. அதுதான் பயமாயிடுச்சு.

மாடிக்குப் போனேன். படி நீண்டுக்கிட்டே போச்சு. நடுவுல உக்காந்து உக்காந்து ஏறினேன். செக்ரட்டரி பாஸ்கர் அங்கிள் ஃபோல்டரைத் தூசி தட்டிக்கிட்டிருந்தார்.

"அங்கிள், எங்க அம்மா வர மாட்டேங்கறாங்க."

"பேரு?"

"அம்மா."

"இங்க ரெண்டு பேருக்கு அதே பேரு. மொதல்ல கெடைக்கறவங்களத்தான் அனுப்புவேன். கீழ்வீடு மொதல்ல இருக்கு. மத்த பசங்கல்லாம் அவங்கவங்க அம்மாவுக்கு எப்பவோ தனி ஃபோல்டர் போட்டாச்சு. நீ என்ன பண்ணிட்டிருந்த?"

"தெரியாது அங்கிள்."

"கூப்பிட ஆள் இல்லாதவங்களை நாளைக்குக் காலையில அழிச்சிடுவேன். எடம் இல்லம்மா. இதுக்கு உள்ளயே உங்க வீட்டுப் பேர்ல ஒரு ஃபோல்டர் போட்டு, அதுல உங்க அம்மாவை வை. இனிமே அந்தப் பேரையும் சேர்த்துக் கூப்பிடு."

எங்க அம்மா ஃபோல்டரோட அடியில இருந்தாங்க. நைட்டியோட, பேப்பர் மாதிரி தட்டையா.

"ஏன்டி பைரவி, கூப்பிடவே இல்ல?"

"தெனமும் கூப்பிட்டேம்மா."

"கேக்கலையே."

புது ஃபோல்டரைத் தொறந்து காட்டினேன்.

"உள்ள ஃபேன் இருக்கா?"

"இல்லம்மா."

"சரி விடு." தலையக் குனிஞ்சு நுழைஞ்சாங்க.

வீட்டுக்கு வந்து, "நாலாம் நம்பர் வீடு, அம்மா"ன்னு கூப்பிட்டேன். வந்துட்டாங்க. முழுசா. கட்டிப் புடிச்சுக்கிட்டு அழுதேன்.

வாசல்ல சரோஜினி ஆன்ட்டி நின்னாங்க.

"அப்ப இனிமே என்னைக் கூப்பிட ஆள் இல்ல. அப்படித்தானே?"

அவங்க பையன் வெளிநாட்டுல இருக்கான். ஃபோன்ல மம்மின்னுதான் சொல்வான். அது வேற ஃபைல்.

"பரவால்ல கண்ணு. மாவு மட்டும் மிச்சம் இருக்கு, எடுத்து ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கோ."

காலையில அங்கிள் ஆன்ட்டியை அழிச்சிடுவார்டி.

அம்மா தோள்ல சாஞ்சுக்கிட்டே, வீட்டு நம்பர் சொல்லாம, வெறும் "அம்மா"ன்னு கூப்பிட்டேன்.

எங்க அம்மா அசையல. ஆன்ட்டி செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்தாங்க.